சேர் பறந்த நாட்கள்

மேல் டிவிஷன், நோட்டன் பிரிட்ஜ்
2024 ஜனவரி 28

அன்புள்ள அண்ணன் பத்திநாதனுக்கு,

தங்கச்சி பவுலின் எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் நானும் மகள் பிரேமினியும் நன்றாக இருக்கிறோம். உங்கள் சர்க்கரை எப்படி? அண்ணிக்கு இருமல் விட்டதா? போனில் பேசினால் உங்களுக்குக் கேட்காது, மெசேஜ் எழுத்து உங்கள் கண்ணுக்குத் தெரியாது. நமக்கு இந்தத் தாளும் பேனாவும்தான் சரி.

ஒரு நல்ல செய்தி. தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலை வேலையை விட்டுவிட்டேன். முப்பத்தொரு வருடம் ஏறி இறங்கிய முழங்கால் இனி முடியாது என்று சொல்லிவிட்டது. நம் தோட்டத்துப் பழைய துரை பங்களாவை ஒருவர் குத்தகைக்கு எடுத்து வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற இடமாக மாற்றியிருக்கிறார். அங்கே எனக்குக் குசினியில் சமையல் வேலை. மழையில் நனையத் தேவையில்லை, அட்டைக்கடி இல்லை. முதலாளி ஹேவகே சேர், கொழும்புப் பக்கம். அரசாங்க உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவர். முதுகு வலிக்காரர், அதிகம் பேச மாட்டார். ஆசிரியர் கலாசாலைக்குப் போகிற பிரேமினிக்கும் சனி, ஞாயிறில் அங்கேயே டைப் அடிக்கிற வேலை கிடைத்திருக்கிறது.

உங்கள் இருவரையும் மாதா காக்கட்டும்.

தங்கச்சி பவுலின்


புளியடிக்குளம், கிளிநொச்சி
2024 பெப்ரவரி 14

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. இருமல் குறைந்து அண்ணி தோட்டத்தில் மிளகாய்க்குத் தண்ணீர் கட்டுகிறாள். நீ மலையை விட்டது கேட்டு நெஞ்சு லேசாயிற்று. அம்மா அந்த மலையிலேயே கூடையோடு விழுந்து போனாள். உனக்காவது ஒரு கூரை கிடைத்ததே.

அந்தச் சேர் என்ன உத்தியோகம் பார்த்தவர்? நீ எழுதவில்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

ஜூன் இருபத்தொன்றாம் திகதி மகள் நிஷாந்திக்கு நினைவுப் பூசை. பதினேழு வருடம் ஆகிறது. இருந்தால் இருபத்தெட்டு வயதுப் பெண். இந்த முறையாவது வா. ஹட்டனிலிருந்து கண்டி வந்து பஸ் மாறினால் விடியும் முன்னே ஏறி மத்தியானம் இங்கே இறங்கிவிடலாம். அண்ணி உன்னை எதிர்பார்க்கிறாள்.

பிரேமினிக்கு மாமாவின் முத்தம்.

பத்திநாதன்


நோட்டன் பிரிட்ஜ்
2024 மார்ச் 10

அண்ணனுக்கும் அண்ணிக்கும் வணக்கம்.

இங்கே எல்லோரும் சுகம். வெயில் கொளுத்துகிறது, அணைக்கட்டில் தண்ணீர் இறங்கிப் பழைய பாலத்தின் தூண் வெளியே தெரிகிறது. லயத்து வரிசையின் கடைசியில் நம் தொங்கல் காம்பராவின் கூரைத் தகரத்தை மாற்றிவிட்டார்கள். என் முழங்காலுக்கு ஹட்டனில் ஊசி போட்டேன், இப்போது படி ஏறுகிறேன்.

போன வாரம் பிரேமினிக்குப் பிறந்த நாள். பங்களாவிலேயே கேக் வெட்டினோம். போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன், அண்ணியிடம் காட்டுங்கள். பிள்ளை அப்படியே நம் அம்மா முகம்.

பூசைக்கு வரப் பார்க்கிறேன். அந்த நேரம் விருந்தாளிகள் அதிகம் என்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவுலின்


புளியடிக்குளம்
2024 ஜூன் 25

பவுலின்,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீயும் இருப்பாய்.

மூன்று மாதத்துக்கு மேல் நான் எழுதவில்லை. ஏன் என்று நீயும் கேட்கவில்லை. பூசைக்கும் வரவில்லை. வராதது நல்லது. வந்திருந்தால் கோயிலில் வைத்தே கேட்டிருப்பேன்.

உன் போட்டோவில் கேக் இருக்கிறது, பிள்ளை இருக்கிறாள். பிள்ளையின் தலைக்கு மேலே சுவரில் ஒரு விமானத்தின் படம் தொங்குகிறது. முக்கோண இறக்கை. மூக்கு நீண்டது. அதன் பக்கத்தில் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஒருவன். அந்த இறக்கையை எனக்குக் காட்டித் தர யாரும் வேண்டாம். அது எங்கள் கிணற்றுக்கு மேலே சரிந்து திரும்பியபோது அதன் வயிற்றை நான் பார்த்தேன். நான் கடைசியாகக் கேட்ட சத்தம் அதனுடையது. பங்கருக்குள் இருந்த பிள்ளை ஆட்டுக்குட்டியை அவிழ்த்துவிட வெளியே ஓடினாள். நான் கூப்பிட்டேன். கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை.

அரசாங்க உத்தியோகம் என்று எழுதினாயே. நல்ல உத்தியோகம்தான். அவனுக்கு நீ சோறு பொங்கிப் போடுகிறாய். உப்புப் பார்த்து, காரம் பார்த்துப் போடுகிறாய். உன் பிள்ளை அவன் படத்துக்குக் கீழே நின்று கேக் வெட்டுகிறாள்.

அண்ணிக்குப் போட்டோவைக் காட்டவில்லை.

பத்திநாதன்


நோட்டன் பிரிட்ஜ்
2024 ஜூலை 7

அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்காமல் தொடங்குகிறேன். நீங்களும் அப்படித்தான் எழுதினீர்கள்.

ஆமாம். அவர் போர் விமானம் ஓட்டியவர். வேலைக்குப் போன மூன்றாம் நாளே எனக்குத் தெரியும், ஹோலில் அந்தப் படத்துக்குத் தூசி தட்டுகிறவள் நான்தானே. தெரிந்துதான் எழுதாமல் விட்டேன். எழுதியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? விடு என்றிருப்பீர்கள். விட்டால் மறுநாள் காலை ஆறு மணிக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் இந்த முழங்காலோடு நான் நிற்க வேண்டும். நீங்களா வந்து நிற்பீர்கள்?

எண்பத்து மூன்று கலவரத்தில் நீங்கள் சித்தப்பாவோடு லொறி ஏறிப் போனபோது எனக்குப் பதின்மூன்று வயது. அந்தப் பக்கம் நம் ஆட்கள், அங்கே யாரும் அடிக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அப்பாவைப் புதைத்தது நான். அம்மாவை மலையிலிருந்து கம்பளியில் சுற்றித் தூக்கி வந்தது நான். நிஷாந்தி செத்த செய்தி எனக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தது. அன்றைக்கு அழுகிறதற்குக்கூடப் பயம். பக்கத்துக் காம்பராவில் கேட்டால் யாராவது பொலிசுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று தலையணையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். இதெல்லாம் உங்களுக்கு எழுதியிருக்கிறேனா?

பிரேமினிக்கு டெங்கு வந்தபோது இரவோடு இரவாக வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் இந்த மனுஷன்தான். இரண்டும் ஒரே ஆள்தான் அண்ணன். அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சோற்றில் நான் எதைக் கலக்க வேண்டும்? சொல்லுங்கள்.

பவுலின்


புளியடிக்குளம்
2024 ஜூலை 21

பவுலின்,

எதையும் கலக்க வேண்டாம். ஒன்றைக் கேள். 2007 ஜூன் 21, காலை பத்தரை மணி, புளியடிக்குளம். வந்தது அவனா?

இதைக் கேட்காமல் எனக்கு எழுதாதே.

பத்திநாதன்


நோட்டன் பிரிட்ஜ்
2024 ஓகஸ்ட் 18

மாமாவுக்குப் பிரேமினி எழுதுவது.

நீங்களும் மாமியும் சுகமா? நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தை அம்மா அரிசி வாளிக்கு அடியில் வைத்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் அரிசி அளக்கும்போது எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கிறார். சேரிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு மாதமாகக் கறிக்கு உப்புக் கூடுகிறது, குறைகிறது, சேரும் ஒன்றும் சொல்வதில்லை.

நான் டைப் அடிப்பது அவருடைய புத்தகம், மாமா. தான் பறந்த காலத்தைப் பற்றி எழுதுகிறார். விமானத்திலிருந்து தூக்கி எறியப்பட்டு முதுகெலும்பு உடைந்தது, பதக்கம் வாங்கியது, ரிட்டயர் ஆன பிறகு நண்பர்களுக்கு வேலை கிடைக்காமல் ஒருவர் குடித்தே செத்தது, எல்லாம் இருக்கிறது. ‘மேலேயிருந்து பார்த்தால் நிலம் கழுவித் துடைத்த மாதிரிச் சுத்தமாக இருந்தது, ஓர் ஆளைக்கூட நான் கண்டதில்லை’ என்று ஒரு வரி. அதை அடிக்க என் விரல் வரவில்லை. பிறகு அடித்தேன். அடித்ததற்காக என் மேலேயே கோபம்.

அவர் பறந்த ஒவ்வொரு நாளையும் குறித்த நீலப் புத்தகம் ஒன்று அலுமாரிக்குள் இருக்கிறது. பூட்டியிருக்கும். சாவி எங்கே என்று எனக்குத் தெரியும். எடுக்கட்டுமா?

உங்கள் மருமகள் பிரேமினி


புளியடிக்குளம்
2024 செப்டெம்பர் 3

அன்பு மகள் பிரேமினிக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ நன்றாகச் சாப்பிடு, டெங்கு வந்த உடம்பு.

சாவியைத் தொடாதே. திருடி வாசிக்கிற விஷயம் இல்லை இது. ஒளித்துச் செய்ய வேண்டியவர்கள் நாம் இல்லை. உன் அம்மா வாயால் கேட்கட்டும், அவன் வாயால் சொல்லட்டும்.

நிஷாந்தியை நீ பார்த்ததில்லை. வாயாடி. கணக்கில் கெட்டிக்காரி, கையெழுத்து மட்டும் கோழி கிளறின மாதிரி இருக்கும். அந்த வரியை எழுதியவனிடம் நீ இதைச் சொல்லலாம். அவள் சிவப்புச் சட்டை போட்டிருந்தாள். தெரிந்திருக்கும்.

மாமா


நோட்டன் பிரிட்ஜ்
2024 ஒக்டோபர் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

கேட்டுவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சேரின் பழைய சிநேகிதர்கள் மூன்று பேர் வந்தார்கள். எல்லோரும் அவரோடு பறந்தவர்கள். ஒருவர் கொழும்பில் காணி விற்கிறார், ஒருவர் வெளிநாட்டுக் கம்பெனியில் பயணிகள் விமானம் ஓட்டுகிறார், ஒருவருக்கு நாக்குக் குழறுகிறது. கோழிக்கறியும் பருப்பும் வைத்துப் பரிமாறிக்கொண்டிருந்தேன். பழைய கதை பேசிச் சிரித்தார்கள். காணி விற்கிறவர், எங்கள் வேலை ராத்தூக்கத்தைக் கெடுக்காத வேலை, கீழே யார் என்று தெரியாதல்லவா என்றார். எனக்குள் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கோழிக்கறிச் சட்டியை மேசை நடுவில் வைத்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டேன்: “2007 ஜூன் 21, கிளிநொச்சி புளியடிக்குளம். உங்கள் நாலு பேரில் யார் போனது?”

எல்லோரும் குனிந்து தட்டைப் பார்த்தார்கள். நாக்குக் குழறுகிறவர் மட்டும் என்னைப் பார்த்தபடியே இருந்தார். சேர் என்னைக் குசினிக்குப் போகச் சொன்னார். “என் அண்ணனுடைய மகள். பதினொரு வயது” என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அரை மணித்தியாலத்தில் வாகனங்கள் இறங்கிப் போய்விட்டன. கறியை யாரும் தொடவில்லை. வேலை போயிற்று என்று என் குடையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கூப்பிட்டார். கலாசாலை விடுமுறை, பிரேமினியும் மேசையில் இருந்தாள். அவர் பறந்த நாட்களைக் குறித்த நீலப் புத்தகம் ஒன்று விரித்திருந்தது. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்.

“பவுலின், அது நான் இல்லை” என்றார். “இரவு முழுக்கத் தேடினேன். ஜூன் 20, 21 இரண்டு நாளும் நான் லீவு. பல் பிடுங்கினேன். இதோ பார்.”

வாயைத் திறந்து கடைவாயில் உள்ள ஓட்டையைக் காட்டினார் அண்ணன். பரீட்சை பாஸான பிள்ளை மாதிரி.

நான் அவரோடு எப்போதும் சிங்களம்தான். அன்றைக்குத் தமிழ்தான் வந்தது. “சரி சேர். மத்த நாளெல்லாம்?”

அவருக்கு விளங்கியது. எனக்கு மறைக்க எதுவும் இல்லை, எல்லாம் உத்தரவுப்படி செய்தது என்றார். “அப்ப வாசிங்க” என்றேன். பிரேமினி எழுதக் கொப்பியைத் திறந்தாள்.

வாசித்தார். திகதி, நேரம், இடம், எத்தனை குண்டு, ‘இலக்கு அழிக்கப்பட்டது’. முதல் பத்தும் பஸ் நேரம் சொல்கிற மாதிரிப் போயிற்று. நாவற்கேணி. சாளம்பன் குடியிருப்பு. அவர் ஊர்ப்பெயரைக் கொலை பண்ணிச் சொல்ல, பிரேமினி சரியாகத் திருப்பிச் சொல்லி எழுதினாள். ஒவ்வொரு முறையும் அவள் திருப்பிச் சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. இருபதைத் தாண்டியதும், எங்களுக்குத் தருவது வரைபட இலக்கம் மட்டும், ஊரெல்லாம் எங்களுக்குத் தெரியாது என்றார்.

“பேரு எழுதியிருக்கீங்களே, சேர்” என்றாள் பிரேமினி.

அவர் தண்ணீர் குடித்தார். போதும் என்று புத்தகத்தை மூடப் போனார். நான் கதவருகில் நின்றபடி “அடுத்தது, சேர்” என்றேன். வாசித்தார். மறுபடி நிறுத்தினார். மறுபடி “அடுத்தது” என்றேன். முப்பத்தேழாவதோடு நிறுத்திவிட்டார். புத்தகத்தைப் பிரேமினி பக்கம் தள்ளிவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். மிச்சத்தை அவளே பார்த்து எழுதினாள். மொத்தம் அறுபத்தொன்று.

கடைசியில் டீ கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன். அதற்கும் கோபித்துக்கொள்ளுங்கள். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நான் இருக்கிறேன்.

பிரேமினி எழுதிய நாலு தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். நம் பிள்ளை அதில் இல்லை.

அண்ணிக்கு என்ன சொல்வீர்கள் என்று தெரியவில்லை. அவர்களுக்காக ஜெபிக்கிறேன்.

பவுலின்


புளியடிக்குளம்
2024 நவம்பர் 3

அன்புத் தங்கச்சி பவுலினுக்கு,

அண்ணிக்கும் எனக்கும் உடம்பு பரவாயில்லை. உன் முழங்காலை ஈரத்தில் வைக்காதே.

நாலு தாளையும் மூன்று முறை வாசித்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் கை ஓங்கியிருப்பேன். பதினேழு வருடம் எனக்கு ஒரு முகம் கிடைக்கவில்லை. உன் போட்டோவில் ஒன்று கிடைத்தது. அதை ஏழு மாதம் வைத்து வெறுத்தேன், பவுலின். சாப்பிடும்போது, தண்ணீர் அள்ளும்போது, பூசையில் முழங்காலில் நிற்கும்போது. இப்போது அவன் இல்லை, பல் பிடுங்கப் போயிருந்தான் என்கிறாய். நிஷாந்தியைக் கொன்றவன் வேறெங்கோ ரிட்டயர் ஆகி இருக்கிறான். அவனுக்கும் யாரோ ஒருத்தி உப்புப் பார்த்துச் சோறு போடுகிறாள்.

தாளைக் கிழிக்கப் போனேன். அண்ணி பிடுங்கிக்கொண்டாள். அவள் வாசித்துவிட்டு ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: ‘இருபத்தொன்பதாவது வரி நம்ம ஜெயந்தினியோட அம்மா.’

சந்தையில் மரக்கறி விற்கிற ஜெயந்தினி. அவளிடம் கொண்டு போனோம். அவள் அந்த வரியில் விரலை வைத்தாள், எடுக்கவே இல்லை. நாவற்கேணியில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர் சோலைமலை. அவரும் நம்மைப் போலத்தான், எழுபத்தேழு கலவரத்தில் தலவாக்கலையிலிருந்து ஓடி வந்தவர். அவருடையது நாலாவது வரி. ‘இலக்கு அழிக்கப்பட்டது’ என்றால் என்ன என்று அதைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்குள் ஆறு பேர் தங்கள் தங்கள் வரியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இத்தனை வருடமும் குண்டு போட்டது முகாமுக்கு, அங்கே ஊர்ச்சனமே இல்லை என்று அதிகாரிகள் இவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒரு தாள்கூட யாரும் கொடுத்ததில்லை. இப்போது திகதி இருக்கிறது, நேரம் இருக்கிறது, எழுதிய ஆளும் உயிரோடு இருக்கிறான்.

நவம்பர் 23, சனிக்கிழமை, வான் வண்டி பிடித்து வருகிறோம். ஆறு பேரும், நானும், அண்ணியும். என் வரி அதில் இல்லை. ஆனாலும் நோட்டன் பிரிட்ஜுக்கு வழி தெரிந்தவன் நான்தான்.

அடிக்க வரவில்லை. சத்தம் போடவும் வரவில்லை. ஒவ்வொருவரும் அவன் முன்னால் உட்கார்ந்து, தங்கள் வரியைக் காட்டி, செத்தவர்களின் பெயரையும் வயதையும் சொல்ல வேண்டும். அவன் அந்த நீலப் புத்தகத்தில், அந்த வரிக்குப் பக்கத்தில், தன் கையால் அதை எழுத வேண்டும். அவ்வளவுதான். இதை அவனிடம் சொல்லி வை. எங்களுக்குச் சமைக்காதே. சோறு கட்டிக்கொண்டு வருகிறோம்.

நீ கேட்டாய். நான் கேட்கச் சொன்னதைவிடக் கூடவே கேட்டாய். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைக்கிறேன், இன்னும் முழுசாக வரவில்லை. நேரில் வருகிறேன்.

அண்ணன்


நோட்டன் பிரிட்ஜ்
2024 நவம்பர் 12

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நாங்கள் சுகம். இங்கே குளிர் கூடிவிட்டது. அண்ணிக்கு இருமல் உள்ளதால் கம்பளிச் சட்டை கொண்டு வாருங்கள், சோலைமலை அண்ணனுக்கும் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதை அப்படியே சேரிடம் சொன்னேன். எத்தனை பேர் என்றார். எட்டு என்றேன். யார் யார் என்று கேட்டதற்கு, வரி இலக்கத்தோடு ஆறு பேரையும் சொன்னேன். நாலாவது வரியைச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டார். சரி என்று தலையாட்டினார். எனக்குக் கொஞ்சம் மனசு இறங்கத்தான் செய்தது.

நேற்று டிரைவரிடம் பேசியதைக் கேட்டேன். நீங்கள் வருவதற்கு முதல் நாள், இருபத்திரண்டாம் திகதி வெள்ளிக்கிழமை காலையில் கொழும்புக்குப் போகிறாராம், முதுகு வைத்தியத்துக்கு. பத்து நாள் கழித்துத்தான் வருவாராம். நீலப் புத்தகத்தையும் பெட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே வியாழக்கிழமையே வாருங்கள். இருபத்தொன்றாம் திகதி, காலையிலேயே. தபால் பிந்தினாலும் என்று பிரேமினி ஜெயந்தினியின் போனுக்கும் செய்தி அனுப்புகிறாள். சேரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. இதற்குப் பிறகு இந்த வேலை எனக்கு இருக்காது. பிரேமினியிடம் சொன்னேன், அவளுக்கும் சம்மதம்.

அன்றைக்கு விருந்தாளிகள் யாரும் இல்லை. மேசையைச் சுற்றி எட்டு நாற்காலி போட்டு வைக்கிறேன். பங்களாவுக்கு ஒரே வழிதான், கேட் சாவி என்னிடம் இருக்கிறது. வானை உள்ளே விட்டதும் பூட்டிவிடுகிறேன்.

தங்கச்சி பவுலின்